டாக்டர் கையில் மட்டும் சாகாத டேப்லெட்

அண்ணிக்கு ஜலதோஷம்.

மற்றவர்களுக்கு ஜலதோஷம் வந்தால் கைக்குட்டை நனையும். அண்ணிக்கு வந்தால் தொழிலே நனைந்துவிடும். ஓர் ஈரக் குடையை முகர்ந்து பார்த்து, அதைத் திருடியவன் எந்தப் பேருந்தில், எந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து போனான் என்று சொன்னவள் அவள். போலீஸ்காரர்கள் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்து, அவளுக்குத் தெரியாமல் அப்படியே கூப்பிட்டு வந்தார்கள். அது அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அப்பேர்ப்பட்ட மூக்கு அன்று காலையிலிருந்து பழுதான குழாய் போல ஒழுகிக்கொண்டிருந்தது.

“அண்ணி, இன்னைக்கு லீவு விட்டுடலாமா? மூக்கை வீட்டுல வச்சுட்டுப் போறது, கத்திரிக்கோல் இல்லாம தையல்காரர் கிளம்பின மாதிரி இல்ல?” என்றான் கொழுந்தன்.

“வாயை வீட்டுல வச்சுட்டு வா. அது போதும்” என்றாள் அண்ணி.

கொழுந்தன்தான் அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் ஒரே ஊழியன். ஸ்கூட்டர் ஓட்டுவது, தேவையில்லாத நேரத்தில் பேசுவது ஆகிய இரண்டும் அவன் பொறுப்பு. “இவனை வீட்டுல வச்சுக்கிட்டு என்னால பேப்பர் படிக்க முடியல, உன்கூடவே கூட்டிட்டுப் போ” என்று அண்ணன் ஒருநாள் சொன்னதுதான் அவனுடைய நியமன உத்தரவு.

ஸ்கூட்டர் போய் நின்ற இடம் ஓர் எடை குறைப்பு நிலையம். அதை நடத்துகிறவரை எல்லோரும் டாக்டர் என்றார்கள். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு மூச்சு மிச்சமிருப்பவர்கள் அங்கே வருவதில்லை.

உள்ளே நுழைந்ததும் சுவரில் டாக்டரின் ஆளுயரப் படங்கள் இரண்டு. ஒன்றின் கீழே ‘முன்’ என்றும் மற்றதன் கீழே ‘பின்’ என்றும் எழுதியிருந்தது. ‘முன்’னில் அவர் கதவளவு அகலம். ‘பின்’னில் கதவின் தாழ்ப்பாளளவு. நேரில் வந்து வணக்கம் சொன்னவர் இரண்டுக்கும் நடுவில் இருந்தார். எந்தப் படத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

“கேஸ் ரொம்பச் சின்னது” என்றார் டாக்டர். “குற்றவாளி யாருன்னு எனக்கே தெரியும். நீங்க அதைச் சொல்லணும், அவ்வளவுதான்.”

“அப்போ எங்களுக்கு வேலை பாதிதான். ஜலதோஷத்துக்குத் தோதான கேஸ்” என்றான் கொழுந்தன். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

விஷயம் இதுதான். முன்மேசைக்குப் பக்கத்தில் ஓர் எடை மேடை. அதில் ஏறி நின்றால் மேசைமேல் இருக்கும் டேப்லெட்டில் எடை தெரியும். அங்கிருந்து ரவுட்டர் வழியாக அந்த உறுப்பினரின் கணக்கில் போய் ஏறும். டேப்லெட் மிகப் பழசு. மாற்றவும் வழியில்லை. மேடையைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போனது. அதன் செயலி புது டேப்லெட் எதிலும் ஏற மறுக்கிறது. போன மாதம் ரவுட்டரை மட்டும் புதிதாக மாற்றினார்கள். அன்றிலிருந்து டேப்லெட் நினைத்தபோது சாகிறது, நினைத்தபோது பிழைக்கிறது. ஒரு வங்கி மேலாளர் பட்டினி கிடந்து, ஓடி, உருண்டு எடையைக் குறைத்துவிட்டு வந்து மேடையில் நின்றிருக்கிறார். அந்த நொடி பார்த்து இணைப்புப் போய்விட்டது. கணக்கில் பழைய எடையே நின்றது. “நான் கிடந்த பட்டினி எங்கேய்யா?” என்று அவர் போட்ட கூச்சலில் மூன்று பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள்.

“யார் வேலை?” என்று அண்ணி கேட்டாள்.

டாக்டர் விரலை நீட்டினார். விரலின் முனையில் முன்மேசைப் பெண் நின்றிருந்தாள். தோளில் பை. எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்வார்கள் என்று தெரிந்தவளைப் போல அதைக் கழற்றாமலே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பக்கத்துத் தெருவுல ஒருத்தன் புதுசா நிலையம் திறந்திருக்கான். இவ அவன் ஆளு. போன வாரம் மெம்பருங்க முன்னாடியே சொல்லிட்டேன். சாயங்காலம் எல்லாரும் வர்றாங்க. நீங்க கண்டுபிடிச்சுட்டதா அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா இவளை அனுப்பிடுவேன்.”

“ஆதாரம்?”

“இருக்கே! அந்த டேப்லெட் என் கையில ஒரு தடவைகூடச் செத்தது இல்ல. சாகறது எல்லாம் இவ கையிலதான். இவ கத்துவா, நான் ஓடி வருவேன், கையில வாங்குவேன், உடனே உயிர் வந்துடும். இதைவிட என்ன வேணும்?”

அண்ணி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அழுவாள், மறுப்பாள் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். அவள் பெருமூச்சு விட்டாள்.

“அவர் சொல்றது உண்மைதான்க்கா. எனக்கே புரியல. வெளியில இருந்து பாக்குறவளா இருந்தா நானே என்னைச் சந்தேகப்படுவேன். ஆனா நான் ஒண்ணும் பண்ணல. இங்கிருந்து இந்தப் பேரோட போனா வேற எந்த மேசையில என்னை உக்கார வைப்பாங்க?”

டாக்டர் உள்ளே போனார். கொழுந்தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டேப்லெட்டைக் கையில் எடுத்தான். அணைத்துப் போட்டான். இணைப்பை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி நினைவுபடுத்தினான். தேதி சரியா என்று பார்த்தான். கடைசியாக அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரையின் மூலையில் சின்ன விசிறி போன்ற சிக்னல் குறி நிறைந்து நின்றது, பக்கத்திலேயே இணைப்பின் பெயரும்.

“இது என்ன பேரு, ‘பழசு’ன்னு?” என்றான்.

“அது லைன் போட வந்தவர் வச்சது சார். புது ரவுட்டர் வந்த அன்னைக்கு இது சுத்தமா ஒட்டவே இல்ல. கடவுச்சொல் சரியாப் போட்டாலும் தப்பு தப்புன்னுச்சு. அவர் பாத்துட்டு, ‘ரவுட்டர் புது மாதிரி பூட்டுப் போட்டிருக்கு, இந்தக் கிழத்துக்கு அதைத் திறக்கத் தெரியாது’ன்னு சொல்லி, இதுக்குன்னு பழைய பூட்டோட தனியா ஒரு வழி வச்சுக் கொடுத்தாரு. அதுதான் ‘பழசு’. எங்க போன் எல்லாம் ‘புதுசு’ங்கற வழியில ஓடுது.”

“டேப்லெட் சாகறப்போ உன் போன் என்ன ஆகும்?” என்றாள் அண்ணி.

“அதுபாட்டுக்கு ஓடும்க்கா. அதனாலதான் ரவுட்டர்ல தப்பே இல்லைங்கறாங்க.”

அண்ணி தும்மினாள். அந்தத் தும்மலுக்குப் பயந்ததுபோல, கொழுந்தன் கையிலேயே டேப்லெட் செத்தது. விசிறி மறைந்து அங்கே ஒரு பெருக்கல் குறி வந்து நின்றது.

“நான் ஒண்ணும் பண்ணல!” என்று கத்தினான் அவன்.

“நானும் இதைத்தான் சார் ஒரு மாசமாச் சொல்றேன்” என்றாள் அந்தப் பெண்.

சத்தம் கேட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே டாக்டர் ஓடி வந்தார். டேப்லெட்டை வாங்கினார். விசிறி திரும்பி வந்துவிட்டது. “பாத்தீங்களா? பாத்தீங்களா?” என்று அதைக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினார்.

“டாக்டர், அந்தக் கையை ஒருநாள் வாடகைக்குத் தருவீங்களா? எங்க வீட்டு டிவியைக் காட்டணும்” என்றான் கொழுந்தன்.

அண்ணி கையைப் பார்க்கவில்லை. டாக்டர் வந்த வழியைப் பார்த்தாள்.

அந்த வழி ஒரு நீண்ட நடையில் போய், வலப்பக்கம் உடற்பயிற்சிக் கூடம், இடப்பக்கம் டாக்டரின் அறை என்று பிரிந்து, கடைசியில் ஒரு சின்னப் பின்னறையில் முடிந்தது. கூடத்தில் டாக்டரின் மனைவி, எல்லோரும் மேடம் என்று அழைப்பவர், ஒரு கூட்டத்தையே குனிய வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். “வயித்துக்கு வஞ்சகம் பண்ணாதீங்க! உள்ள இழுங்க!” என்ற குரல் சுவரைத் துளைத்தது. அந்தக் குரலுக்கு நடையில் போன கொழுந்தனும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பின்னறையில் ஒரு கழுவுதொட்டி, ஒரு அலமாரி, நிறைய ஒத்தடப் பைகள். அலமாரியின் மேல்தட்டில் கொம்புகள் விரித்துப் புது ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் கீழ்த்தட்டில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு. அதன் நெற்றியில் ஓர் அட்டை தொங்கியது: ‘பழுது. யாரும் தொடாதீர்கள். – டாக்டர்.’

“முன்னாடி பழைய ரவுட்டர் எங்க இருந்துச்சு?” என்று அண்ணி கேட்டாள்.

“முன்மேசையிலதானாம் அண்ணி, டேப்லெட்டுக்குப் பக்கத்துல. புதுசு பார்க்க எட்டுக்கால் பூச்சி மாதிரி இருக்குன்னு டாக்டர்தான் இங்க கொண்டுவந்து வைக்கச் சொன்னாராம்.”

அண்ணி அடுப்பின் முன் குனிந்தாள். “தம்பி, பழுதான அடுப்புக்கு எதுக்குக் கரண்ட்டு?”

அவன் பார்த்தான். பிளக் செருகியிருந்தது. பச்சை எழுத்துகளில் கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

“அடுப்போட தலையில தூசி. கைப்பிடி மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது” என்றாள் அண்ணி. “தொடாதீர்கள்னு எழுதி வச்சதை யாரோ ரொம்ப அக்கறையாத் தொட்டிருக்காங்க. உள்ள மோந்து பாரு. என் மூக்கு இன்னைக்கு உன்கிட்ட.”

பொறுப்பு உயர்ந்த பெருமையில் கொழுந்தன் கதவைத் திறந்து தலையையே உள்ளே விட்டான். “வெண்ணெய்... சாக்லெட்... அடியில லேசா வனிலா. அண்ணி, எனக்குப் பசிக்குது.”

“உன் பசி சாட்சிக் கூண்டுல ஏறாது. இந்தக் குவளையில தண்ணி பிடிச்சு உள்ள வை. அப்புறம் முன்னாடி போய் டேப்லெட்டைப் பார்த்துக்கிட்டு நில்லு.”

அவன் போய் நின்றான். விசிறி நிறைந்திருந்தது. தூரத்தில் அடுப்பு உறுமும் ஒலி மெல்லக் கேட்டது. விசிறி ஒவ்வொரு மடிப்பாகச் சுருங்கி, பெருக்கல் குறி ஆயிற்று. டிங் என்றது அடுப்பு. சற்றைக்கெல்லாம் விசிறி விரிந்தது. அண்ணி மறுபடி ஓட்டினாள், மறுபடி செத்தது. நிறுத்தினாள், பிழைத்தது. முன்மேசைப் பெண்ணின் போனில் மட்டும் யாரோ பாடிக்கொண்டே இருந்தார்கள். அவள் தோளிலிருந்த பையை இறக்கி, நாற்காலியின் முதுகில் மாட்டினாள்.

“எப்படி அண்ணி?” என்று பின்னறைக்குத் திரும்பி ஓடினான் அவன்.

“ரவுட்டர்ல இருந்து ரெண்டு பாதை கிளம்புது. ஒண்ணு அகலமான புது ரோடு. புதுப் போன் எல்லாம் அதுல பறக்குது. இன்னொண்ணு பழைய சந்து. டேப்லெட்டுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு சந்துதான். அடுப்பு ஓடறப்போ அதுல இருந்து கசியற அலையும் அதே சந்துக்குள்ள வந்து நிக்குது, லாரி நுழைஞ்ச மாதிரி. புது ரோட்டுக்காரனுக்குத் தெரியவே தெரியாது. பழைய ரவுட்டர் டேப்லெட் பக்கத்துலயே இருந்ததால லாரி குறுக்க வர இடமே இல்ல.”

“அப்போ டாக்டர் கையில மட்டும் ஏன் சாகல?”

அண்ணி மூக்கைச் சிந்தினாள். “அவர் கை ஒரே நேரத்துல அடுப்புலயும் டேப்லெட்லயும் இருக்க முடியாதே.”

கொழுந்தன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அது அரிதான நிகழ்ச்சி. அந்தப் பெண்ணை மாட்டிவிட டாக்டர் கையில் வைத்திருந்த ஒரே ஆதாரம், அப்படியே திரும்பி டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டாக்டரின் அறையில் அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு கதவைத் தாழிட்டார்.

“ஒரு துண்டு கேக்தாங்க” என்றார். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த நிலையத்திலேயே கண்ணெதிரே குறைந்த ஒரே பொருள் அதுதான். “சூடு பண்ணலேன்னா தொண்டையில இறங்க மாட்டேங்குது. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். அவ ஒரு வேர்க்கடலையைக்கூடப் பாதியா உடைச்சு மூடி வைக்கிறவ. அந்தப் ‘பின்’ படத்தைப் பார்த்துதான் ஊரே சந்தா கட்டுது. அடுப்பு ஓடறதுக்கும் டேப்லெட்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“உங்க கேக் எங்களுக்கு வேண்டாம்” என்றாள் அண்ணி.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க அண்ணி” என்றான் கொழுந்தன்.

“ரவுட்டர் வச்ச இடம் தப்பு, அவ்வளவுதான் காரணம்னு நீங்களே சொல்லிடுங்க. அடுப்பு பேச்சே வர வேண்டாம். ஆனா அந்தப் பொண்ணைப் பத்திச் சொன்னதை, சொன்ன ஆளுங்க முன்னாடியே திரும்ப வாங்கிக்கணும்.”

“ரவுட்டர் தப்புன்னு சொன்னாலே அவ மேல தப்பில்லைன்னு ஆகுதே. தனியா வேற சொல்லணுமா?”

“சொல்லணும். குற்றம் சொல்றப்போ தனியாத்தானே சொன்னீங்க?”

டாக்டர் தலையாட்டினார். அது ஆமாம் என்பதுபோலவும் இருந்தது, கழுத்து வலிபோலவும் இருந்தது.

சாயங்காலம் முன்மேசை இருந்த முன்கூடம் நிறைந்தது. வங்கி மேலாளர் முன்வரிசையில், யாரையாவது தூக்கில் போடுவதாக இருந்தால் நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். முன்மேசைப் பெண் மேசையருகே நின்றாள். டாக்டர் டேப்லெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எடை மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

“அன்பர்களே, மர்மம் தீர்ந்துடுச்சு. ரவுட்டர் பின்னாடி சுவரைத் தாண்டி இருக்கு. டேப்லெட் பழசு. எட்டல. அவ்வளவுதான். இனிமே ரவுட்டர் முன்னாடி வந்துடும்.” கைதட்டினார்கள். டாக்டருக்கு அந்தக் கைதட்டல் பிடித்துப்போனது.

“அப்போ என்னைப் பத்திச் சொன்னது சார்?” என்றாள் அந்தப் பெண். மெதுவாகத்தான் கேட்டாள், கடைசி வரிசைவரை கேட்டது.

அண்ணி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் ஒரு முன்மேசையிடம் தலை குனிவதா என்று அவர் யோசிப்பது முகத்தில் ஓடியது.

“அதைத்தான் பொதுவாச் சொல்லிட்டேனே” என்றார். “ஆனா ஒண்ணு. யந்திரம்னா கையாளத் தெரியணும். என் கையில இது ஒரு தடவைகூடச் செத்தது இல்ல. அதையும் எல்லாரும் நினைவுல...”

டேப்லெட் செத்தது.

அவர் கையில், எல்லோர் கண் முன்னால், பெருக்கல் குறி பளிச்சென்று. டாக்டர் அதைக் குலுக்கினார். மறு கைக்கு மாற்றினார். சட்டையில் துடைத்தார். கொழுந்தன் சட்டென்று அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணியின் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பாவனை. டாக்டர் இங்கே இருக்கிறார். அவர் கை இரண்டும் இங்கே இருக்கின்றன. அப்படியானால் அடுப்பில் யார்?

டாக்டரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூட்டத்தின்மேல் அவர் பார்வை ஒரு சுற்றுப் போய்வந்தது. அதில் ஒரே ஒருவரைக் காணவில்லை.

நடையின் கடைசியில் டிங் என்றது. விசிறி விரிந்தது. சற்றுப் பொறுத்து, கையில் ஒரு ஒத்தடப் பையைப் பிடித்துக்கொண்டு மேடம் நடந்து வந்தார். தோரணையில் ஒரு குறையும் இல்லை. உதட்டோரத்தில் மட்டும் ஒரு பழுப்புத் துகள்.

“என்ன, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க? முட்டி வலி. சூடு பண்ணப் போனேன்” என்றார் மேடம்.

எல்லோரும் உண்மையில் டேப்லெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தைப் பார்த்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருவர் மெதுவாகப் போய், தன் கைக்குட்டையை எடுத்து மனைவியிடம் நீட்டினார். மேடம் கைக்குட்டையைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே அதே பழுப்பு நிறத்தில் ஒரு கறை இருந்தது. அவர் கணவனின் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த இருவரும் அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு நிறையப் பேசிக்கொண்டதில்லை என்று கொழுந்தனுக்குத் தோன்றியது.

“அடுப்பு பழுதுன்னு எழுதினது...” என்றார் மேடம் தாழ்ந்த குரலில்.

“நான்தான்.”

“நானும் நம்பினேன். ஒருநாள் சும்மா அமுக்கிப் பார்த்தேன்.” துடைத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தினார். பயிற்சிக் கூடத்தில் சுவரைத் துளைத்த அதே குரல். “இந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு உங்ககிட்ட? பதில் சொல்லுங்க. நிமிர்ந்து நின்னு சொல்லுங்க!”

டாக்டர் நிமிர்ந்தார். வயிற்றை உள்ளே இழுத்தார். “இந்தப் பொண்ணு மேல நான் சொன்னது முழுக்கத் தப்பு. இவ யாரோட ஆளும் இல்ல, எதுலயும் கை வைக்கல. தப்பு எங்க பக்கம். மன்னிச்சுக்கம்மா.”

“சரி சார்” என்றாள் அவள். “ரவுட்டரைக் கொண்டு வரச் சொல்லுங்க.”

கொழுந்தன் நாற்காலி மேல் ஏறி ரவுட்டரை இறக்கி, வயரை நடை நெடுக இழுத்து வந்து, முன்மேசையில் டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். “எட்டுக்கால் பூச்சி வந்தாச்சு” என்று அறிவித்தான். அண்ணி யாரிடமும் சொல்லாமல் பின்னறைக்குப் போய் அடுப்பை ஓட்டிப் பார்த்தாள். விசிறி அசையவே இல்லை. வங்கி மேலாளர் முதல் ஆளாகக் கைதட்டினார்.

“எடை ஒழுங்காக் கணக்குல ஏறுதான்னு ஒரு தடவை பார்த்துடணும்” என்றாள் முன்மேசைப் பெண். டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பி, செயலியைத் திறந்தாள். “யாராவது ஒருத்தர் மேடையில ஏறி நில்லுங்களேன்.”

யாரும் ஏறவில்லை. ஒவ்வொரு தலையாகத் திரும்பி, சுவரில் இருந்த ‘பின்’ படத்தைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே நின்ற டாக்டரிடம் வந்து நின்றது.

“வாங்க சார்” என்றாள் அவள் மிகுந்த மரியாதையோடு. “அடுத்து மேடம்.”

டாக்டர் செருப்பைக் கழற்றினார். யோசித்து, கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பையிலிருந்த பேனா, சாவிக் கொத்து, சில்லறை, இடுப்புப் பெல்ட் எல்லாம் ஒவ்வொன்றாக மேசைமேல் வந்தன. கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

சிக்னல் ஒரு நொடிகூட நடுங்கவில்லை.